இறால் கண் மினுங்காத ஹெட் லைற்: சொரசொரப்பு எங்க வெளிச்சத்தைக் கூட்டும், எங்க கெடுக்கும்

"சேர், மாமாட லைற்ற நான் பழுதாக்கிப்போட்டன்" எண்டு சொல்லிக்கொண்டுதான் அந்தப் பொடியன் வந்தவன். கையில சொப்பிங் பேக், அதுக்குள்ள ஒரு ஹெட் லைற், முன்னால இருக்கிற பிளாஸ்டிக் லென்ஸ் பால் ஊத்தின மாதிரி வெளிறிக் கிடந்திச்சு. அவன் ஏ.எல் ரெண்டாம் வருசம், பௌதிகவியல் என்னட்டத்தான் படிக்கிறான். மாமா மட்டக்களப்புத் திமிலைதீவுப் பக்கம் இரவில வாவிக்குள்ள இறங்கி இறால் பிடிக்கிறவர். இடுப்பளவு தண்ணியில அத்தாங்கோட நடக்கக்குள்ள ரெண்டு கையும் வேலையா இருக்கும், அதால வெளிச்சம் தலையிலதான் இருக்கோணும்.

இரவில இறால் பிடிக்கிறதைப் பாத்த ஆக்களுக்குத் தெரியும், அவங்க தேடுறது இறாலை இல்ல, இறாலுட கண்ணைத்தான். வெளிச்சம் தண்ணிக்குள்ள போய் கண்ணில பட்டுத் திரும்பி வரக்குள்ள அது ரெண்டு சின்னத் தணல் மாதிரி செவப்பா மினுங்கும், அந்தத் தணலை விட்டுக் கண்ணெடுக்காம மெதுவா அத்தாங்கைக் கொண்டுபோகோணும். மாமாட முறைப்பாடு என்னண்டா கொஞ்ச மாசமா அந்த மினுக்கம் தூரத்தில தெரியுதில்ல, காலுக்குக் கிட்ட வந்தாத்தான் தெரியுது, அதுக்குள்ள இறால் பாஞ்சிரும். பெற்றரி புதுசு போட்டும் அப்பிடித்தான். "முந்தி நூல் பிடிச்ச மாதிரி நேரப் போகும் மனே, இப்ப தண்ணிக்கு மேல பனிப்புகார் போட்ட மாதிரி வெள்ளையாத்தான் தெரியுது" எண்டு மருமகனிட்டச் சொல்லியிருக்கார்.

பொடியன் போன்ல தேடி வாசிச்சிருக்கான். எல்ஈடியுட மேற்பரப்பை நனோ அளவில சொரசொரப்பாக்கினா வெளிச்சம் ரெண்டு மூண்டு மடங்கு கூடும் எண்டு போட்டிருந்திச்சாம். உண்மைதான், அப்பிடி ஒரு ஆய்வு இருக்கு, பிறகு சொல்றன். அவன் அதை நம்பி ஹார்ட்வெயார் கடையில பி400 சான்ட் பேப்பர் வாங்கி லென்ஸை ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்ச்சிருக்கான். அண்டைக்கு ராவு மாமா ஒரு கிலோ இறால்கூடப் பிடிக்காம வந்தவராம்.

நான் அவனைப் பேசேல்ல. வாசிச்சதைச் செஞ்சு பாக்கிற பிள்ளையள் எத்தின பேர் இருக்காங்க? அவன் வாசிச்சதும் சரி, மாமா கண்டதும் சரி, ரெண்டும் எப்பிடி ஒண்டா நிக்கும் எண்டுதான் கேள்வி. மூண்டு கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ரெண்டு பொடியனும் ஒரு பிள்ளையும் நானும் சேந்து இதைத் தோண்டினம். அதை முழுசா இங்க எழுதுறன், ஏனெண்டா இதே கேள்வி எல்ஈடி லைற் வச்சிருக்கிற எல்லா வீட்டிலயும் ஏதோ ஒரு வடிவத்தில இருக்கு.

மீன் பெட்டிக்குள்ள அளந்தது

முதல்ல தெரிய வேண்டியது ஒண்டுதான்: தேய்ச்சதால வெளிச்சம் குறைஞ்சதா, இல்லாட்டி வெளிச்சம் அப்பிடியே இருந்து திசை மட்டும் மாறிச்சுதா? கண்ணால பாத்து இதைச் சொல்லவே ஏலாது. சுவரில விழுற வட்டத்தைப் பாத்தா மங்கினதாத்தான் தெரியும், ஆனா சுவருக்குப் போகாம முகட்டுக்கும் நிலத்துக்கும் போன வெளிச்சத்தை ஆர் கணக்குப் பாக்கிறது?

பெரிய ஆய்வுகூடங்களில இதுக்கு உள்ளுக்கு வெள்ளை பூசின உருண்டை ஒண்டு வச்சிருப்பாங்க, எந்தத் திசையில போன வெளிச்சமும் உள்ளுக்க பட்டுத் தெறிச்சுத் தெறிச்சு ஒரே அளவாப் பரவிரும், ஒரு மூலையில அளந்தாப் போதும். எங்கட்ட அது இல்ல, மீன் கடையில ஐஸ் போட்டு வாற ரெஜிபோம் பெட்டி இருந்திச்சு. அது உள்ளுக்க நல்ல வெள்ளை, பளபளப்பும் இல்ல, படுற வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். மூண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் சூரை மணம் போகேல்ல, பரவாயில்ல எண்டு விட்டுட்டம். ஒரு பக்கம் எல்ஈடி செருக ஓட்டை, மத்தப் பக்கம் போன்ட லைற் சென்சருக்கு ஓட்டை, நடுவில வெள்ளை மட்டை ஒண்டு, எல்ஈடி வெளிச்சம் நேர சென்சருக்குப் போகாம மறைக்கிறதுக்கு.

ஹெட் லைற்றை வச்சுத் தொடங்காம அஞ்சு மில்லிமீற்றர் வெள்ளை எல்ஈடியை வச்சுத் தொடங்கினம், அது மலிவு, பழுதானாலும் பரவாயில்ல. மூண்டு ஏஏ பெற்றரி, 68 ஓம் தடை, ஓட்டம் 20 மில்லி அம்பியருக்குக் கிட்ட. போட்டவுடன அளக்கப்படாது, எல்ஈடி சூடாகச் சூடாக வெளிச்சம் கொஞ்சம் இறங்கும், பத்து நிமிசம் விட்டு நிலைச்ச பிறகு அளந்தம். ஒரே எல்ஈடியைத்தான் தேய்க்க முதலும் தேய்ச்ச பிறகும் அளந்தம், ஏனெண்டா ஒரே பைக்கற்றில வாற ரெண்டு எல்ஈடியே ஒண்டுக்கொண்டு வித்தியாசம்.

பெட்டிக்கு வெளிய, நேர முன்னால சென்சரை வச்சு அளந்தா தேய்ச்ச பிறகு அரைவாசிக்கும் கீழ போயிட்டு. பெட்டிக்குள்ள வச்சு அளந்தா தேய்க்க முதலும் பிறகும் கிட்டத்தட்ட ஒண்டு, சின்னனாக் குறைஞ்ச மாதிரி இருந்திச்சு, ஆனா எல்ஈடியைக் கழட்டித் திருப்பிச் செருகினாலே அவ்வளவு வித்தியாசம் வருது, அதால அதைக் கணக்கில எடுக்கேல்ல. பத்துத் தரம் கழட்டிக் கழட்டிச் செருகினவள் அந்தப் பிள்ளைதான். "சேர், வெளிச்சம் எங்கயும் போகேல்ல, எல்லாப் பக்கமும் போயிட்டு" எண்டு சொன்னாள். எனக்கு அந்த வசனம் நல்லாப் பிடிச்சிச்சு.

அப்ப கூடினதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல. வாசிச்ச ரெண்டு மூண்டு மடங்கு எங்க?

வெளிச்சம் மாட்டிக்கொள்ற இடம்

இதுக்கு எல்ஈடிக்குள்ள போகோணும். வெள்ளை எல்ஈடியில வெளிச்சம் பிறக்கிறது காலியம் நைட்ரைட் சாதிக் குறைகடத்திப் படையில. இலத்திரனும் துளையும் (இலத்திரன் இல்லாத வெற்றிடம்) சேர நீல வெளிச்சம் வருது, அதில ஒரு பங்கை மேல இருக்கிற மஞ்சள் பூச்சு மஞ்சளா மாத்துது, நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. அந்த நீலத்தைச் செஞ்சு காட்டினதுக்குத்தான் அகசாக்கி, அமானோ, நகமுரா மூண்டு பேருக்கும் 2014ல பௌதிகவியல் நோபல் பரிசு குடுத்தது.

வெளிச்சம் பிறக்கிறது ஒரு வேலை, வெளிய வாறது இன்னொரு வேலை. காலியம் நைட்ரைட்டுட முறிவுச் சுட்டி, அதாவது வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் எண்ட எண், நீல வெளிச்சத்துக்கு 2.4, 2.5 வரும், வெளிய காத்து, அது 1. ஏ.எல் பிள்ளையளுக்கு ஸ்னெல் விதி தெரியும், அவதிக் கோணத்துட சைன் 1/2.5, அது 0.4, கோணம் 24 பாகைக்குக் கிட்ட. அதுக்கு மேல சரிஞ்சு வாற கதிர் எல்லாம் முழுவுட்தெறிப்பு, திரும்பி உள்ளுக்கே போயிரும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாப் புறப்படுற வெளிச்சத்தில அந்த 24 பாகைக் கூம்புக்குள்ள விழுறது எவ்வளவு எண்டு கணக்குப் பாத்தா ஒரு முகத்துக்கு வெறும் 4 சதவீதம். செவப்பு எல்ஈடிகள் செய்ற குறைகடத்திகளில சுட்டி 3.5 அளவுக்குப் போகும், அங்க 2 சதவீதம்தான். இதைக் கரும்பலகையில போட்டுக் காட்டினப்போ பொடியன் பிழையாக் கணக்குப் போட்டுட்டன் எண்டு நினைச்சு மறுகா ஒருக்காப் போட்டுப் பாத்தான். பிழை இல்ல. உள்ளுக்கு நூறு போட்டன் (ஒளித் துணிக்கை) பிறந்தா மேல் முகத்தால முதல் முயற்சியில வெளிய வாறது நாலு.

மிச்சம் என்ன செய்யும்? உள்ளுக்க தெறிச்சுக்கொண்டு திரியும். இங்கதான் முக்கியமான விசயம் இருக்கு. மேலயும் கீழயும் தட்டையா, ஒண்டுக்கொண்டு சமாந்தரமா இருந்தா, 40 பாகையில பட்ட கதிர் திரும்பி வந்து அடுத்த தரமும் 40 பாகையிலதான் படும், ஆயிரம் தரம் பட்டாலும் 40தான். பட்டிக்குள்ள அடைச்ச மாடு வேலியோரம் ஒரே தடத்தில சுத்தினா கடப்பு திறந்து கிடந்தாலும் அதுக்குக் கடப்பு தெரியாது, அதே கதைதான். அப்பிடிச் சுத்தச் சுத்த ஒவ்வொரு தரமும் உலோகத் தொடுப்பிலயும் படைக்குள்ளயும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுபட்டு வெளிச்சம் சூடா மாறிரும். நாங்க காசு குடுத்து வாங்கின மின்சாரம் அங்க சூடாகுது.

மேற்பரப்பு சொரசொரப்பா இருந்தா ஒவ்வொரு தரம் படக்குள்ளயும் கோணம் மாறும். முதல் தரம் 40, அடுத்தது 65, மறுகா 18, பதினெட்டில வந்தா வெளிய போயிரும். கூம்பு பெருக்கேல்ல, அதே 24 பாகைதான், ஆனா ஒவ்வொரு கதிருக்கும் திரும்பத் திரும்பப் புதுசு புதுசாச் சந்தர்ப்பம் கிடைக்குது. சொரசொரப்பு வெளிச்சத்தை உண்டாக்கிறதில்ல, மாட்டிக்கொண்டு நிண்டதை அவிட்டு விடுது. இந்த ஒரு வசனம் பிடிபட்டா மிச்சம் எல்லாம் தன்னால விளங்கும்.

இதை முதல் பெருசாக் காட்டினது 1993ல ஸ்னிட்சர், யப்லோனோவிச் இவங்கட கூட்டு. காலியம் ஆர்சனைட் எல்ஈடியை அதுட அடிக்கட்டையில இருந்து மெல்லிசாப் பிரிச்செடுத்து, மேற்பரப்பில கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி பொலிஸ்ரைரீன் உருண்டைகளைப் பரப்பி, உருண்டை மறைக்காத இடங்களை அரிக்க விட்டாங்க. உள்ளுக்குக் குடுத்த இலத்திரன்களில 30 சதவீதத்துக்கு வெளிய வெளிச்சம் வந்திச்சு, தட்டையான மேற்பரப்பில அந்தக் காலத்தில கனவிலயும் வராத எண். நாங்க அளந்த மீன் பெட்டியும் பொலிஸ்ரைரீன்தான், ரெஜிபோம் எண்டுறது அதைப் பொங்க வச்சது. இதைச் சொன்னப்போ பிள்ளையள் பெட்டியை மறுகா ஒருக்காத் தொட்டுப் பாத்தாங்க.

பொடியன் வாசிச்ச ரெண்டு மூண்டு மடங்கு 2004ல வந்தது, கலிபோர்னியாவில சாண்டா பார்பராப் பல்கலைக்கழகம், ஃபுஜியும் நகமுராவும் மத்த ஆக்களும். அவங்க செஞ்சது வடிவான வேலை. காலியம் நைட்ரைட் படை சஃபையர் கல்லுக்கு மேல வளந்தது, அந்தக் கல்லுப் பக்கத்தால லேசர் அடிச்சா ஒட்டியிருக்கிற இடம் மட்டும் சிதைஞ்சு படை கழண்டு வரும். அந்தப் படைக்கு ஒரு முகம் காலியம் பக்கம், மத்தது நைதரசன் பக்கம், தலைகீழாக் கவுத்தா நைதரசன் பக்கம் மேல வரும். அந்தப் பக்கத்தை மட்டும் பொற்றாசியம் ஐதரொட்சைட் கரைசல் அரிக்கும், புற ஊதா வெளிச்சத்தோட அரிச்சா அது கண்டபடி அரியாது, பளிங்கு அமைப்புக்கு ஏத்த மாதிரி ஆறு பக்கக் கூம்புகளா மேற்பரப்பு முழுக்க முளைச்சு நிக்கும். அந்த மேற்பரப்பு தட்டையா இருந்த நேரத்தோட பாத்தா வெளிச்சம் ரெண்டில இருந்து மூண்டு மடங்கு.

அந்த மடங்கு உறை போடாத வெறும் சிப்புக்கு எண்டதை மறக்கப்படாது. கடையில வாற எல்ஈடிக்கு மேல எப்பொக்சியோ சிலிக்கோனோ ஊத்தியிருக்கு, அதுட சுட்டி 1.5 அளவு. அப்ப காத்துக்குப் பதிலா 1.5க்குள்ள போறதால அவதிக் கோணம் 24ல இருந்து 37க்குப் போகுது, 4 சதவீதம் 10 ஆகுது. ஏற்கனவே கொஞ்சம் அவிட்டு விட்டாச்சு, அதால சொரசொரப்பால கிடைக்கிற மேலதிகம் குறையும்.

மறுகா அந்த எப்பொக்சியுட வடிவத்தைப் பாருங்க, அரை உருண்டை. சும்மா அழகுக்கு இல்ல. நடுவில இருக்கிற குட்டிச் சிப்பில இருந்து புறப்படுற கதிர் எந்தப் பக்கம் போனாலும் உருண்டையில கிட்டத்தட்டச் செங்குத்தாத்தான் படும், செங்குத்தாப் பட்டா முழுவுட்தெறிப்பு எண்ட பேச்சே இல்ல, 4 சதவீதம் மட்டும் திரும்பி வரும், மத்தது எல்லாம் வெளிய. அங்க வெளிச்சம் மாட்டிக்கொள்ளேல்ல. மாட்டிக்கொள்ளாத வெளிச்சத்தைச் சொரசொரப்பு எப்பிடி அவிட்டு விடும்? நேரப் போனதைக் கலைச்சுத்தான் விடும். ஹெட் லைற்ற லென்ஸிலயும் அதேதான் நடந்திச்சு.

பெர்ஸ்பெக்ஸ் துண்டு

இவ்வளவும் கரும்பலகையில. பொடியன் தலையாட்டினான், ஆனா முகத்தில விளங்கின மாதிரித் தெரியேல்ல. மாட்டிக்கொண்ட வெளிச்சத்தைக் கண்ணால காட்டோணும், சிப்புக்குள்ள போய்ப் பாக்க ஏலாது, பெருசா ஒண்டு வேணும்.

மட்டக்களப்பு டவுனில நேம் போட் செய்ற கடைகளில பாத்திருப்பீங்க, கண்ணாடி மாதிரித் தெளிவான பெர்ஸ்பெக்ஸ் பலகை, விளிம்பில எல்ஈடி ஸ்ரிப் ஒட்டியிருக்கும், நடுவில வெட்டின எழுத்து மட்டும் எரியும். அப்பிடி ஒரு கடையில ஆறு மில்லிமீற்றர் வெட்டுத் துண்டு ஒண்டு கேட்டு வாங்கினம், ரெண்டு பக்கமும் ஒட்டியிருந்த கடதாசியை உரிக்காமலே தந்தாங்க, அது முக்கியம், ஒரு கீறலும் இருக்கப்படாது.

பெர்ஸ்பெக்ஸுக்கு சுட்டி 1.49, அவதிக் கோணம் 42 பாகை. விளிம்பால உள்ளுக்கு நுழையிற கதிர் முறிவடைஞ்சு ஆகக் கூடினது 42 பாகைதான் சரியும், அப்ப பலகையுட பெரிய முகத்தில படக்குள்ள அது ஆகக் குறைஞ்சது 48 பாகை. 48 எப்பவும் 42ஐ விடப் பெருசு. அதால விளிம்பால போன கதிர் ஒண்டுகூடப் பெரிய முகத்தால தப்பேலாது, கணக்கு அவ்வளவு இறுக்கமானது.

ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கடதாசியை உரிச்சு, ஸ்ரிப்பைப் போட்டம். பலகை இருக்கிறதே தெரியேல்ல, மத்தப் பக்க விளிம்பு மட்டும் வெள்ளைக் கோடா எரிஞ்சிச்சு. பொடியன் கவராயத்துட முனையால ஒரு கோடு இழுத்தான். இழுக்க இழுக்கக் கோடு எரியுது, முனை போற இடமெல்லாம் வெளிச்சம் பின்னால வருது, அவன் கையை எடுக்காம தன்ட பேரை எழுதினான். மறுகா பிள்ளை தலையைத் தடவின விரலை வச்சாள், தேங்கா எண்ணெய் பட்ட இடம் ரேகை ரேகையா எரிஞ்சிச்சு. ஒரு சொட்டுத் தண்ணி விட்டம், அந்தச் சொட்டு குமிழ் பல்பு மாதிரி. தண்ணியுட சுட்டி 1.33, பெர்ஸ்பெக்ஸில இருந்து தண்ணிக்கு அவதிக் கோணம் 63, அதால 48க்கும் 63க்கும் இடையில வாற கதிரெல்லாம் சொட்டுக்குள்ள போய் அதுட வளைவால வெளிய வருது. எல்ஈடிக்கு மேல எப்பொக்சி ஊத்துறதும் இதே காரணத்துக்குத்தான், அந்தச் சொட்டைப் பாத்த பிறகு அதை விளங்கப்படுத்த வேண்டியே வரேல்ல.

கடைசியா அதே பி400 சான்ட் பேப்பர். பலகையுட ஒரு அரைவாசியை மட்டும் தேய்ச்சம், தேய்ச்ச பாதி பால்வெளிச்சமா எரிஞ்சிச்சு, தேய்க்காத பாதி இருட்டு. பொடியன் சந்தோசத்தில நிக்க, நான் மத்தப் பக்க விளிம்பைக் காட்டினன். முழு நீளத்துக்கும் எரிஞ்ச அந்த வெள்ளைக் கோடு தேய்ச்ச பாதிக்கு நேர மங்கிக் கிடந்திச்சு. விளிம்பால போக இருந்ததுதான் முகத்தால வந்திருக்கு, புதுசா ஒண்டும் பிறக்கேல்ல.

ஒரே சான்ட் பேப்பர், பலகையில வெளிச்சத்தை எடுத்துத் தந்திச்சு, லென்ஸில கெடுத்திச்சு. கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. பிறகு பொடியன்தான் சொன்னான், "பலகையில அது அடைபட்டுக் கிடந்திச்சு சேர், லென்ஸில அடைபடேல்ல."

ரீவி திருத்திற ஒருத்தரிட்ட உடைஞ்ச எல்சிடி ரீவி கிடைச்சா அதுக்குள்ள இருக்கிற தெளிவான பலகையை எடுத்துப் பாருங்க, விளிம்பால எல்ஈடி அடிக்கிற சாதியில மேற்பரப்பு முழுக்கக் குட்டிப் புள்ளிகள் இருக்கும், எல்ஈடிக்குக் கிட்ட ஐதா, தூரப் போகப் போக நெருக்கமா. கிட்ட வெளிச்சம் நிறைய இருக்கு, கொஞ்சமா அவிட்டு விட்டாப் போதும், தூரத்தில குறைஞ்சு போயிரும், கூட அவிட்டு விடோணும், அப்பத்தான் திரை முழுக்க ஒரே வெளிச்சம். சொரசொரப்பை அளந்து போடுறது எண்டா அதுதான்.

நனோ எண்டா எவ்வளவு

ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாப் பிரிச்சா மைக்ரோமீற்றர், அதை மறுகா ஆயிரமாப் பிரிச்சா நனோமீற்றர். பி400 பேப்பரில மணி ஒண்டுட அளவு சராசரி 35 மைக்ரோமீற்றர். எல்ஈடிக்குள்ள வளக்கிற காலியம் நைட்ரைட் படை முழுசாவே சில மைக்ரோமீற்றர்தான். சான்ட் பேப்பர் மணி ஒண்டு வெளிச்சம் பிறக்கிற படை முழுக்க விடப் பல மடங்கு பெருசு, அதால சிப்பைத் தேய்க்கிறது எண்டது வாழை இலையை மண்வெட்டியால சீவுற மாதிரி.

எவ்வளவு சின்னன் வேணும் எண்டதை வெளிச்சம்தான் தீர்மானிக்குது. நீல வெளிச்சத்துட அலைநீளம் காத்தில 450 நனோமீற்றர், காலியம் நைட்ரைட்டுக்குள்ள அது 2.5ஆல சுருங்கி 180 ஆகுது. மேட்டுப் பள்ளம் இந்த அளவுக்கு அல்லது அதுக்குக் கூட இருந்தா வெளிச்சத்துக்கு அது மேடு பள்ளமாத் தெரியும், கோணம் மாறும். அதை விட நல்லாச் சின்னனாப் போனா வெளிச்சத்துக்கு மேடு பள்ளம் தெரியாது, ஒரு சுட்டியில இருந்து இன்னொரு சுட்டிக்குப் படிப்படியா இறங்கிற மாதிரித்தான் தெரியும். விட்டில்பூச்சியுட கண் அப்பிடி, மேல நெருக்கமாக் குட்டி முனைகள், அதால இரவில கண் பளபளக்காது, படுற வெளிச்சம் தெறிக்காம உள்ளுக்கே போகும். அது கூம்புக்குள்ள வாற கதிர் தெறிச்சுத் திரும்புறதைத் தடுக்கும், காலியம் நைட்ரைட்டில நேர வாற கதிரிலயே 18 சதவீதம் அப்பிடித் திரும்புது, அதால அதுவும் பெறுமதிதான். ஆனா கூம்புக்கு வெளிய மாட்டிக்கொண்டதை அது அவிட்டு விடாது. வாசிக்கக்குள்ள இந்த ரெண்டையும் ஒண்டாக் கலந்து எழுதியிருக்கிறதை நிறையக் கண்டிருக்கன், ரெண்டும் வேற வேற வேலை எண்டது என்ட உறுதியான கருத்து.

சின்னன் ஆக ஆக நல்லம் எண்டதும் இல்ல. பனாமா நாட்டு மின்மினி ஒண்டுட வெளிச்ச உறுப்பைப் பெல்ஜியம், கனடா பக்கத்து ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியால பாத்தப்போ அதுட மேல்தோல் செதில்கள் ஓடு பிழையாப் போட்ட கூரை மாதிரி ஒரு பக்கம் தூக்கி நிண்டிருக்கு. 2013ல அதைப் பாத்து எல்ஈடி ஒண்டுக்கு மேல அதே மாதிரிச் சரிவுள்ள படை போட்டாங்க, சரிவுகள் மைக்ரோமீற்றர் அளவு, நனோ இல்ல, வெளிச்சம் 55 சதவீதம் கூடிச்சு. ஏற்கனவே செஞ்ச எல்ஈடிக்கு மேல போடுற படை அது, உள்ளுக்க கை வைக்கத் தேவையில்ல. எங்கட வாவிக்கரைக் கண்ணாப் பத்தையில மாரிக்குப் பிறகு மின்மினி மொய்ச்சுக்கொண்டு இருக்கும், அதுட வயித்தைக் கைவில்லையால பாக்கோணும் எண்டு பிள்ளையள் இப்பவே சொல்லி வச்சிருக்காங்க.

ஒழுங்கில்லாத சொரசொரப்புக்குப் பதிலா ஒழுங்காத் துளை போடுற வழியும் இருக்கு, 2009ல அப்பிடிச் செஞ்ச காலியம் நைட்ரைட் எல்ஈடியில உறை இல்லாமலே உள்ளுக்க பிறந்த வெளிச்சத்தில 73 சதவீதம் வெளிய எடுத்தாங்க. வடிவான முடிவு, ஆனா நனோ அளவில ஒழுங்காத் துளை போடுறது செலவான வேலை. மலிவா உலகம் முழுக்கப் பரவினது இன்னொண்டு, சஃபையர் கல்லிலயே முதல் கூம்பு கூம்பாச் செதுக்கிப்போட்டு அதுக்கு மேல படையை வளக்கிறது. கோணமும் மாறும், வளர்ற பளிங்கில பிழையும் குறையும், ஒரு கல்லில ரெண்டு மாங்கா.

பிள்ளை கேட்டாள், "லாப்பில பொற்றாசியம் ஐதரொட்சைட் இருக்கே சேர், நாங்களும் ஒரு எல்ஈடியை அரிச்சுப் பாத்தா என்ன?" நல்ல கேள்வி. எங்கட்ட இருக்கிற சாதாரண எல்ஈடியில மேல நிக்கிறது காலியம் பக்கம், அதை அந்தக் கரைசல் தொடவே தொடாது. அரிச்சாலும் மேல இருக்கிற படை ஒரு சில நூறு நனோமீற்றருக்குள்ள, அதுக்குக் கீழதான் வெளிச்சம் பிறக்கிற இடம், கொஞ்சம் ஆழமாப் போனா எல்ஈடியே இல்ல. 2004ல அவங்க கவுத்துப் போட்டதுக்கு இதுவும் ஒரு காரணம், கவுத்தா மேல வாறது தடிச்ச படை, கூம்பு முளைக்க இடம் இருக்கு. அதோட அந்தக் கரைசல் கண்ணில பட்டாக் கண் போயிரும், விளையாட்டு இல்ல.

மாமாட லைற்

இவ்வளவுக்குப் பிறகும் மாமாட முதல் முறைப்பாடு அப்பிடியே நிக்குது. பொடியன் தேய்க்க முதலே வெளிச்சம் எட்டாமப் போயிட்டே, அது ஏன்?

அவரிட்ட அதே சாதி லைற் இன்னொண்டு இருந்திச்சு, ரெண்டும் ஒண்டா வாங்கினது. அதைப் பெட்டிக்குள்ள வச்சு அளந்தம், பொடியன் தேய்ச்சதும் இதுவும் மொத்த வெளிச்சத்தில கிட்டத்தட்ட ஒண்டு. எல்ஈடியில குறை இல்ல. மறுகா லென்ஸைக் கைவில்லைக்குள்ள பிடிச்சுப் பாத்தா வட்டம் வட்டமா மயிர் மாதிரிக் கீறல், நூறு நூறா. சான்ட் பேப்பரே படாத லென்ஸ் அது.

மாமாட்டக் கேட்டம், எப்பிடிக் கழுவுறீங்க எண்டு. "விடிய வந்து சாம்பலும் தும்பும் போட்டு நல்லாத் தேய்ப்பன் தம்பி, எங்கட அம்மா லாம்புச் சிமிலி தேய்க்கிற மாதிரி" எண்டார், பக்கத்தில நிண்ட காத்தான்குடிக்காரர் ஒருத்தர் "எங்கட உம்மாவும் அப்பிடித்தான்" எண்டார், ரெண்டு வீட்டிலயும் ஒரே பழக்கம். சிமிலி கண்ணாடி, அதுக்குச் சாம்பல் ஒண்டும் செய்யாது. லென்ஸ் பிளாஸ்டிக். காஞ்ச உப்பும், தும்பில ஒட்டின மணலும், சாம்பலும் சேந்து ஒவ்வொரு விடியவும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாச் சொரசொரப்பாக்கியிருக்கு. மருமகன் ஒரு பின்னேரத்தில செஞ்சதை மாமா மாசக்கணக்கில செஞ்சிருக்கார்.

தண்ணிக்கு மேல தெரிஞ்ச புகாரும் இதாலதான். கூர்மையான கற்றை நேர இறங்கினா தண்ணி மேற்பரப்பில 2 சதவீதம்தான் திரும்பும், மிச்சம் அடிக்குப் போகும். கலைஞ்ச வெளிச்சம் சரிவாப் பட்டுக் கூடத் தெறிக்கும், மாரித் தண்ணியில மிதக்கிற சேத்தில பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும், இறால் கண்ணுக்குப் போய்ச் சேர்றது கொஞ்சம்.

திருத்தினது ஒரு பெரிய கதை இல்ல, பொறுமைதான். பி400ஐ விட நைசான பி1000 பேப்பரை நனைச்சு வட்டமாத் தேய்ச்சு, மறுகா அதையும் விட நைசான பி2000, அதுக்குப் பிறகு பழைய பருத்தித் துணியில பற்பசை போட்டு ரெண்டு பின்னேரம். பால் நிறம் மெல்ல மெல்லக் கரைஞ்சு, லென்ஸுக்குள்ள ஜன்னல் கம்பி தெரியத் தொடங்கினப்போ பொடியன் நிப்பாட்டினான். புது லென்ஸ் மாதிரி வரேல்ல, ஆனா சுவரில வட்டம் மறுகா வட்டமா விழுந்திச்சு.

அண்டைக்கு ராவு நானும் திமிலைதீவுக்குப் போனன். மாமா தண்ணிக்குள்ள இறங்கி லைற்றைப் போட்டார், கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல, மறுகா தலையைத் திருப்பாமலே கையால தூரத்தைக் காட்டினார். கரையில நிண்ட எங்களுக்குத் தெரியாது, அவருட கண்ணுக்கு நேர வாற வெளிச்சம் அது. "ரெண்டு சோடி... அங்கால இன்னொண்டு" எண்டு எண்ணிக்கொண்டே போனார்.

இப்ப அவர் சாம்பல் தொடுறதில்ல. விடிய வந்தவுடன நல்ல தண்ணியில உப்புப் போக லென்ஸை அலசி, பழைய பனியன் துணியால ஒத்தி எடுக்கிறார். அந்தத் துணியை வீட்டில ஆரும் வேற ஒண்டுக்கும் தொடப்படாதாம்.